லெனாட்டைத் தேடிப் போன வள்ளங்கள்

யாழ்ப்பாணக் கரையில், எங்கள் குருநகரில் என் பேச்சை எவரும் நம்புவதில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. நான் பிடித்த திருக்கையின் ஒரு செட்டைக்குக் கீழே இரண்டு குடும்பங்கள் மழைக்கு ஒதுங்கியதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு குடும்பம் இன்னும் வெளியே வரவில்லை என்றும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சிரித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

ஆனால் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் எங்கள் கரையில் ஒருவனும் சிரிக்கமாட்டான். சொன்னது யார் என்றும் பார்க்கமாட்டான். கோயில் மணி அடிக்கும். அன்றைய தொழிலை விட்டுவிட்டு எல்லா வள்ளங்களும் தேடப் போகும். அந்த விஷயத்தில் எனக்கே பொய் வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

என் மகன் லெனாட் தூளுக்கு அடிமையாகியிருந்தான். ஹெரோயினைத்தான் சொல்கிறேன். வீட்டுக்கு வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டோம். போன மார்கழியில் ஒரு விடியற்காலை என் மகள் சிசிலியா அவனை வாடகை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வவுனியாப் பக்கம் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் விட்டாள். காலையில் பக்கத்து வீட்டு அடைக்கலநாதன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"எங்கையண்ணை லெனாட்?"

"கடல் தொழிலுக்குப் போயிட்டான்."

"வாடைக்காத்து இப்பிடி அடிக்குது. ஆரோடை போனவன்?"

"தனியத்தான். இன்னும் வரேல்லை."

கடைசிச் சொல்லை ஏன் சேர்த்தேன்? வெறும் பொய் எனக்குச் சப்பென்று இருக்கும். கொஞ்சம் உப்புப் போட்டேன். அவன் கரைக்கு ஓடினான். லெனாட்டின் வள்ளம் அங்கே இல்லை. அதை அவன் முந்தின இரவு வெளியூரான் ஒருவனிடம் தூளுக்கு விற்றது எனக்கும் சிசிலியாவுக்கும் மட்டும்தான் தெரியும். மணி அடித்தது.

ஒவ்வொருத்தனும் என் தோளைத் தொட்டுவிட்டு வள்ளத்தில் ஏறினான். "யோசியாதையண்ணை, கொண்டு வாறம்." நான் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. மகனைக் கடல் கொண்டுபோனால் ஊர் கூட நின்று அழும். தூள் கொண்டுபோனால் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கதைக்கும்.

பொழுதுபடத் திரும்பினார்கள். அடைக்கலநாதனின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அலையில் நங்கூரக் கயிறு சுற்றி இழுத்துவிட்டது. மறுநாளும் புறப்பட்டார்கள். அப்போதுதான், லெனாட் இந்தியக் கரையில் ஒதுங்கி அங்கே சிறையில், மறியலில் இருக்கிறான், போன் வந்தது என்றேன். நன்றிப் பூசை வைத்தார்கள். நான் முன்வரிசையில் முழந்தாளில் நின்றேன்.

இந்த ஆவணியில் லெனாட் உடம்பு தேறி வந்தான். சனத்துக்கு முன்னால் தன் கதையைச் சொல்லவேண்டும் என்று அவனே பங்குச் சுவாமியிடம் கேட்டுவிட்டான். கடலில் தப்பிய கதை என்று நினைத்து ஊரே வரும். நான் அவனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன்.

"தம்பி, மறியலிலை இருந்தன் எண்டு சொல்லு. மிச்சத்தை நான் கட்டி வைச்சிருக்கிறன். ரெண்டு ஆமையும் ஒரு திமிங்கிலமும் வருது."

"திமிங்கிலம் என்ன செய்யுது?"

"உன்னை முதுகிலை ஏத்துது."

அவன் சிரிக்கவில்லை. "அப்பா, பொய் சொல்லிச் சொல்லித்தான் நான் தூள் குடிச்சனான். ஒண்டை வைச்சுக்கொண்டு மற்றதை விடேலாது. என்ரையை நான் சொல்லுவன். உங்கடையை நீங்கள் சொல்லுங்கோ."

பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. முதல் தடவை தூள் குடித்தது, வள்ளத்தை விற்றது, தங்கச்சியின் தோட்டைக் களவெடுத்தது எல்லாவற்றையும் லெனாட் நிலத்தைப் பார்க்காமல் சொன்னான். பிறகு, "மார்கழியிலை நான் கடலுக்குப் போகேல்லை. வவுனியாவிலை இருந்தனான்" என்று சொல்லி நிறுத்தினான்.

அடைக்கலநாதன் எழும்பினான். லெனாட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

"அப்ப அண்டைக்கு நாங்கள் ஆரைத் தேடினனாங்கள், அண்ணை?"

எனக்கு நாலு பதில்கள் வந்தன. நாலும் நல்ல பதில்கள். ஒன்றில் திமிங்கிலமும் இருந்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

"ஒருத்தரையும் இல்லை. அவன் எங்கை எண்டு எனக்குத் தெரியும். வெக்கத்திலை சொன்னனான்."

பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். என் வழக்கமான கதை என்று நினைத்திருப்பான். பாதியில் நிறுத்திக்கொண்டான். அடைக்கலநாதன் வெளியே போனான். நான் பின்னால் போனேன்.

"கிட்ட வராதையுங்கோ, அண்ணை" என்றான்.

இரண்டு விரல்கள் போன பிறகும் அவன் அண்ணை என்றுதான் சொன்னான். வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிட்டிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். மண்டப வாசலிலேயே நின்றேன்.