தாயின் கீழ் இருந்த பதிவு

பிள்ளைகளின் இதய அறுவைக்கு உதவும் அந்த அறக்கட்டளையின் அலுவலகத்துக்குக் காலை பத்து மணிக்குச் சித்தி வந்து நின்றாள். இடுப்பில் அக்காள் மகள். ஆறு வயது. அக்காள் இறந்து ஐந்து மாதமாகிறது. ஓரிடத்தில் நிற்காமல் ஓடியதால் அந்தப் பெண்ணுக்கு வாலு என்று பெயர் வந்தது. இப்போது நாலு படி ஏறினாலே உதடு நீலம் பாரிக்கிறது. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

"எங்க முறை எப்பங்க வரும்? கடைசி மெசேஜ்ல வரிசை எண் பதினொண்ணுன்னு சொல்லியிருந்தீங்க."

பதிவு மேசையில் இருந்த அம்மாள் பெயரை அடித்துத் தேடினாள். இல்லை. எழுத்தை மாற்றித் தேடினாள். அப்போதும் இல்லை.

"என்ன அத்தை, கம்ப்யூட்டருக்கும் மூச்சு வாங்குதா?" என்றாள் வாலு.

மேசையம்மாள் சிரித்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். ஏழு வருடம் முன்பு இந்த மென்பொருளை எழுதிய தாடிக்காரர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அவர் திரையைப் பார்த்தார்.

"இந்தக் குழந்தையோட அம்மா பதிவை யாராவது எடுத்தீங்களா?"

"நான்தான் எடுத்தேன். ஏன் சார்?"

அவள் செய்தது இதுதான். வாரம் தவறாமல் திங்கட்கிழமை, 'அன்புள்ள தாயே, உங்கள் மகளின் வரிசை எண்' என்று ஒரு செய்தி இறந்தவளின் கைபேசிக்கு வரும். அந்தக் கைபேசி இப்போது சித்தியிடம். செய்தி வந்தால் அவள் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டாள். அதை நிறுத்தித் தரும்படி நாலு மாதம் முன்பு கேட்டிருந்தாள். மேசையம்மாள் மனமிரங்கித் தாயின் பதிவை நீக்கினாள். "இனிமே மெசேஜ் வராதும்மா. முறை வந்தா நாங்களே போன் பண்றோம்" என்று முதுகைத் தடவி அனுப்பியிருந்தாள்.

"நீக்கறதுக்கு முன்னால ஒண்ணும் கேக்கலையா?"

"நிச்சயமான்னு கேட்டுச்சு. நிச்சயம்தானே, அந்தம்மா போய்ச் சேர்ந்துட்டாங்களேன்னு அமுக்கினேன்."

தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளையோட பதிவு அம்மா பதிவுக்குக் கீழதான் இருக்கும். அம்மா போனா பிள்ளையும் போயிடும். அப்படித்தான் நான் எழுதி வச்சேன். யாருக்கும் சொந்தமில்லாத பதிவு கிளவுட்ல தொங்கிட்டு இருக்கக் கூடாதுன்னு. அப்ப எனக்கு அது ரொம்பச் சுத்தமான வேலையாத் தெரிஞ்சுது."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"நகல் ஒரு மாசம்தான் இருக்கும்."

வரிசைக் கணக்குப்படி வாலுவின் முறை ஏழு வாரம் முன்பே வந்து போயிருந்தது. அந்த இடத்தில் அடுத்த குழந்தையை அழைத்திருந்தார்கள். தாடிக்காரர் புதுப் பதிவு ஒன்றைக் கையாலேயே அடித்து, யார் யாரிடமோ கெஞ்சி, மறுநாளே மருத்துவர் பார்க்க ஏற்பாடு செய்தார். ஓடி ஓடிச் செய்தார். ஓட்டம் போன நாளைத் திருப்பித் தராது.

மருத்துவர் நெடுநேரம் பரிசோதித்தார். பிறகு வாலுவைத் தாதியிடம் விட்டுவிட்டுச் சித்தியை உட்காரச் சொன்னார். நுரையீரலில் அழுத்தம் ஏறிவிட்டது, இனி இதயத்தில் இருக்கும் ஓட்டையை அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்றார். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் செய்திருக்கலாமாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சித்தி நேரே அலுவலகத்துக்குத்தான் வந்தாள். வாலு தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேசையம்மாள் எழுந்து நின்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தாடிக்காரர் குறுக்கே, "தப்பு என்னுதும்மா. அவங்க இரக்கப்பட்டுத்தான் செஞ்சாங்க" என்றார்.

சித்தி நாற்காலியில் உட்கார்ந்து, "மெசேஜ் நின்னதும் நான் நல்லாச் சாப்பிட்டேங்க. இவளுக்கும் ஊட்டினேன்" என்றாள். அவள் எழுந்து போகவில்லை. போய்ச் செய்ய அவளுக்கு என்ன இருந்தது?

தாடிக்காரர் மென்பொருளில் அந்த வரியை மாற்றிவிட்டார். இனித் தாய் போனாலும் பிள்ளையின் பதிவு நிற்கும். இதே மாதிரி இன்னும் நாலு குழந்தைகளின் பதிவுகள் அழிந்திருப்பதைப் பழைய திங்கட்கிழமைச் செய்திகளின் பட்டியலிலிருந்து கண்டுபிடித்து, அவர்கள் வீட்டுக் கைபேசி எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தார்.

மேசையம்மாள் முதல் எண்ணை அழுத்தினாள். யாரோ "சொல்லுங்க" என்றார்கள். அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

"இங்க குடுங்க. நான் பேசறேன்," என்று சித்தி கையை நீட்டினாள்.

முதல் வீட்டில் குழந்தை போய் இருபது நாளாகிவிட்டது. சித்தி அந்தத் தகப்பன் பேசி முடிக்கும் வரை கேட்டாள். இரண்டாவது எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாவதை யாரும் எடுக்கவில்லை. கடவுள் ஏன் இழந்து நிற்கும் சிலரிடம் அடுத்தவருக்கான இந்த உதவியையும் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கும்போது தருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாலாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்துக் கத்துவது கேட்டது.

சித்தி, தோளில் இருந்தவள் விழிக்காதபடி குரலைத் தாழ்த்தி, "உங்க பிள்ளையத் தூக்கிட்டு உடனே கிளம்புங்கம்மா," என்றாள். "போன் வரும்னு காத்திருக்காதீங்க. இன்னிக்கே வாங்க."