ஐந்தாம் கியர்

கிளட்சைத் தரையோடு மிதித்தேன். கியர் விழவில்லை. பல்லோடு பல் உரசும் சத்தம் கராஜ் முழுக்க நிரம்பியது. விட்டுவிட்டு மறுபடி மிதித்தேன். அதே சத்தம். புதன்கிழமை மதியம் அது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் ரீட்லியில் இருக்க வேண்டும். இந்த வண்டியில், என் மனைவி ஷெரிலின் அஸ்தியோடு.

பக்கத்து வீட்டு ஆக்டேவியோ வேலிக்கு மேலே தலையை நீட்டினான். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கையில் பாதி தின்ற பரீட்டோ.

“மாப்ள, பன்னிய அறுக்கிறியா, வண்டி ஓட்டுறியா?”

“கிளட்ச் விடல.”

“லைன்ல காத்து இருக்கும்.”

“எடுத்தாச்சு. ரெண்டு தரம்.”

பரீட்டோவை வேலிக் கட்டையில் பத்திரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். வண்டிக்கு அடியில் படுத்து, என்னை மிதிக்கச் சொல்லிப் பார்த்தான்.

“நீ மாத்தின கியர்பாக்ஸ் எந்த வண்டியோடது?”

“எண்பத்திரெண்டு மாடல். பின் சீட்டு வச்சது.”

“உள்ள காலர்? கிளட்சத் தள்ளுற வளையம்?”

“அதுலயே இருந்துச்சு.”

“அதையே விட்டுட்டியா?”

அவன் அடியிலிருந்து சிரிக்கத் தொடங்கினான்.

“காலேஜ் படிச்ச கழுத! காலர் கியர்பாக்ஸோட வர்றது இல்லடா, கிளட்சோட இருக்கறது. கிளட்ச் பழசுன்னா காலரும் பழசுதான். இது நீளம் கம்மி. எட்டவே எட்டாது. இந்த இஸட் வண்டி வச்சிருக்கறவன் எல்லாம் ஒரு தடவ பண்ற தப்பு இது.” வெளியே நகர்ந்து வந்து உட்கார்ந்தான். “விடு. இறக்கி ஏத்தினா ஒரு நாள் வேல. பழைய கியர்பாக்ஸ் எங்க? அதுல இருந்து கழட்டிக்கலாம்.”

நான் வீதியைப் பார்த்தேன். திங்கட்கிழமை அதைப் பலகையில் வைத்து இழுத்துப்போய் நடைபாதை ஓரம் விட்டிருந்தேன். செவ்வாய் காலை அங்கே எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது. பழைய இரும்பு பொறுக்கும் லாரிகள் எங்கள் தெருவில் தினமும் வரும்.

“வெளில வச்சிட்டேன்.”

“எதுக்கு?”

“இனிமே வேண்டாமேன்னு.”

ஆக்டேவியோ சிரிப்பை நிறுத்தினான். எழுந்து போய் பரீட்டோவை எடுத்துக்கொண்டான். தின்னவில்லை.

வண்டி ஷெரிலுடையது. டாட்சன் இஸட், எழுபத்திரண்டு மாடல், ஆரஞ்சு நிறம். கல்யாணத்துக்கு முன்பே வைத்திருந்தாள். என்னை ஓட்டவிட மாட்டாள். மாதம் ஒருமுறை அவள் அம்மா வீட்டுக்குப் போவோம்; லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வடக்கே, கிரேப்வைன் மலை ஏறி இறங்கி, ரீட்லி வரை நாலு மணி நேரம். இருந்தது நாலே கியர். மலையிறங்கிச் சமவெளிக்கு வந்ததும் எஞ்சின் அலற ஆரம்பிக்கும். அந்த அலறலுக்கு நடுவே அவள் பேசிக்கொண்டே வருவாள். எனக்குப் பாதிதான் கேட்கும். தலையாட்டுவேன். ஒருமுறை பெட்ரோல் போட நிறுத்தியபோது, “இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லு” என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “அஞ்சாவது கியர் ஒண்ணு போட்டுடறேன் இரு. அப்புறம் எப்படித் தப்பிக்கிறேன்னு பாக்கறேன்” என்றாள். மறுவாரமே உடைந்த வண்டிகள் கிடக்கும் ஒரு யார்டில் இரண்டு பேருமாக இந்தக் கியர்பாக்ஸைக் கழற்றினோம். அவள் அடியில் படுத்திருந்தாள், நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். கராஜ் மூலையில் தார்ப்பாய் போட்டு வைத்தோம். மூன்று மாதம் கழித்து, வேலை செய்யும் இடத்தில், காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவள் விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. முப்பத்தொரு வயது.

அடுத்த வாரமே அவள் துணிகளைப் பெட்டிகளில் போட்டு ஜப்பானிய புத்தர் கோயிலின் பழம்பொருள் விற்பனைக்குக் கொடுத்துவிட்டேன். செருப்புகளையும். எல்லோரும் என்னை உறுதியானவன் என்றார்கள். அஸ்தியை மட்டும் யாரும் கேட்கவில்லை. புத்தக அலமாரியில் இருந்தது. முதலாண்டுச் சடங்கில் அதைக் குடும்பக் கல்லறையில் வைப்பது என்று முடிவானபோது அவள் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்: “அவ வண்டியிலேயே கூட்டிட்டு வர்றேன்.” அந்த வருடத்தில் நானாகச் சொன்ன ஒரே வாக்கு அது. அதற்காகத்தான் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த கியர்பாக்ஸைப் போன ஞாயிறு மாட்டினேன்.

புதன் மாலை பத்து இடங்களுக்குப் போன் செய்தேன். புதிய காலர் ஆர்டர் போட்டால் அடுத்த வாரம்தான் வரும். யார்டுகளில் பழைய இஸட் ஒன்றுகூட இல்லை. எல்லாம் தகரமாகப் போய்விட்டனவாம்.

வியாழன் வேலை முடிந்ததும் டாரன்ஸில் இருக்கும் பெவர்லி வீட்டுக்குப் போனேன். ஷெரிலின் அக்கா. முன்பே சொல்லியிருந்தாள், வண்டி ஓடாவிட்டால் தன் வேனில் கூட்டிப்போவதாக. அஸ்தி என்று சொல்லவில்லை. ‘கூட்டிப்போவது’ என்றுதான் சொன்னாள், நான் சொன்னது போலவே.

வாசலில் ஹோஸ் பைப்போடு நின்றிருந்தாள்.

“வண்டி ஓடல பெவ். நீங்களே கூட்டிட்டுப் போங்க. நான் பின்னாடி பஸ்ல வர்றேன்.”

“பஸ்லயா? உன் பொண்டாட்டி சடங்குக்கு?”

“ஒரு சாமான் கிடைக்கல. பழைய கியர்பாக்ஸ்ல இருந்துச்சு. அத வெளில வச்சிட்டேன்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் செருப்பை நனைத்தது. பிறகு குழாயை மூடிவிட்டுப் போய் கராஜ் கதவைத் தூக்கினாள்.

வேனுக்குப் பின்னால், அட்டை விரித்து, அதன்மேல் கியர்பாக்ஸ் இருந்தது. துடைத்திருந்தாள். அலுமினியம் அங்கங்கே பளபளத்தது. அதற்கு மேலே ஒரு கம்பியில் ஷெரிலின் துணிகள் தொங்கின. மஞ்சள் கவுன், கோயில் நடனத்துக்குக் கட்டும் நீலப் பருத்தி கிமோனோ, பழுப்பு கார்டுராய் கோட்டு. கோட்டின் காலரில் விற்பனைச் சீட்டு இன்னும் குத்தியிருந்தது.

“திங்கக்கிழம உன் வீட்டுப் பக்கம் வந்தேன்,” என்றாள். “குப்பையோட குப்பையா இது உக்காந்திருந்துச்சு. இது என்னன்னே எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் அவ கை இதும்மேலதான இருந்துச்சுன்னு மட்டும் தெரியும். வேன்ல தூக்கிப் போட்டுட்டு வந்தேன். முதுகு போச்சு.”

“கதவத் தட்டியிருக்கலாமே.”

“தட்டினா என்ன சொல்லியிருப்ப? ‘எடுத்துக்கங்க’ன்னு சொல்லியிருப்ப. அந்தக் கொரல்ல. துணி கொடுத்தப்ப சொன்ன பாரு, அதே கொரல்ல. அதக் கேக்க எனக்குத் தெம்பில்ல டீன்.”

நான் மண்டியிட்டேன். கியர்பாக்ஸின் முன்னால் மணி போல வாயகன்ற பகுதிக்குள் கையை விட்டு இரண்டு கிளிப்பையும் நெம்பினேன். காலர் கழன்று கைக்கு வந்தது. கட்டைவிரல் நீளம், வளையல் மாதிரி ஒரு இரும்பு, கறுத்த கிரீஸோடு. என் கையில் அது குளிர்ந்தது.

“இவ்வளவுதானா?” என்றாள் பெவ். “இதுக்காகவா பஸ்ல வர்றேன்ன?”

“இது வண்டியோட இருக்க வேண்டியது. நான்தான் தெரியாம...”

அவள் கிரீஸ் துடைக்க ஒரு துணியைத் தேடி, எதையும் எடுக்க மனமில்லாமல், தன் இடுப்பு ஏப்ரனை அவிழ்த்துக் கொடுத்தாள்.

“மிச்சத்த என்ன செய்யறது? இரும்புக்காரன வரச் சொல்லட்டா?”

“வேண்டாம்,” என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கிளம்பும்போது கோட்டைக் கம்பியிலிருந்து எடுத்து என் தோளில் போட்டாள். “மலைல குளிரும்,” என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஆக்டேவியோ லீவு போட்டுவிட்டு வந்தான். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, எண்ணெயை வடித்து, கியர்பாக்ஸை ஜாக்கியில் இறக்கினோம். எண்ணெயில் அழுகின முட்டை நாற்றம். இரண்டு காலரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தான். அரை விரல் வித்தியாசம்கூட இல்லை. “இதுக்குத்தான் அவ்வளவு கத்துச்சு,” என்றான். பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி ஏற்றினோம். கிளட்சை மிதித்தேன். கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. ஆக்டேவியோ கூரையில் இரண்டு தட்டுத் தட்டினான். “போ. அவங்க அம்மாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு. பெர்சிமன் பழம் கொடுத்தா வேண்டாம்னு சொல்லிட்டு வராத, மடையா.”

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். வெள்ளைத் துணியில் முடிந்த கலசம் பக்கத்து இருக்கையில். சாயாமல் இருக்கக் கோட்டைச் சுற்றிலும் செருகி, பெல்ட்டைப் போட்டேன். அது எப்போதும் என் இருக்கை. மலையில் பனி இருந்தது. மூன்றாம் கியரில் ஏறினேன். இறங்கியதும் சமவெளி திறந்தது, நேர்கோடாக, இரண்டு பக்கமும் இலை உதிர்ந்த திராட்சைக் கொடிகள். நாலு. பிறகு கிளட்சை மிதித்து, வலப்புறம் தள்ளி மேலே போட்டேன். ஐந்து.

எஞ்சின் அடங்கியது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே அடங்கியது. டயர் தாரில் ஓடுவது கேட்டது. கண்ணாடி இடுக்கில் காற்று கேட்டது. கலசத்தின் மூடி மெல்ல, விட்டு விட்டு, விளிம்பில் தட்டுவதுகூடக் கேட்டது. அடுத்த ஊர்ப் பலகை வரை அப்படியே போனேன். அதற்கடுத்த பலகை வரை. சாதாரணக் குரலில் யாராவது பேசினால் ஒரு சொல் தவறாது.

கிளட்சை மிதித்தேன். கியரை இடப்பக்கம் இழுத்துக் கீழே போட்டேன். நாலு. எஞ்சின் வேகம் காட்டும் முள் எகிறியது. அலறல் கூரை வரை வந்து நிரம்பியது. மூடி தட்டும் சத்தம் அதில் மூழ்கிப்போனது.

சாலையைப் பார்த்தபடி நான் தலையாட்டினேன். சற்றுப் பொறுத்து, இன்னொரு முறை.