அடிக்கல் விழா வரை குளியல் இல்லை

1

இந்தக் கதை ஒரு நாற்றத்தில் பிறந்தது. ஜகார்த்தாவில், எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில். நான் வாரப் பத்திரிகைக்குக் கொலைகள் எழுதிப் பிழைக்கிறவன். நாற்றம் என்றால் எனக்குப் பிணம்தான். உடனே ஆரம்பித்தேன்:

"தகரக் கொட்டகையில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எதுவோ அழுகிக்கொண்டிருந்தது. ருகாயா கத்தியை எடுத்தாள். தடுப்பை நெம்பினாள். உள்ளே, ரத்த—"

ரத்தமெல்லாம் இல்லை. உள்ளே பாக் கர்சித்தோ (இங்கே ஐயாவுக்குப் 'பாக்', அம்மாவுக்கு 'இபு') உட்கார்ந்து வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க இபு, ஒண்ணு எடுத்துக்குங்க."

"பாக், நீங்க உயிரோடதான் இருக்கீங்களா?"

"ஏன், பாத்தாத் தெரியலையா?"

"கண்ணுக்குத் தெரியுது. மூக்கு நம்ப மாட்டேங்குது."

பிணம் எழுந்து பேசிவிட்டால் துப்பறியும் கதை படுத்துவிடும். வேறு திறப்பு.

2

(பொறுப்பான திறப்பு. கொஞ்சம் கட்டுரை வாடை அடிக்கும். முந்தைய வாடைக்கு இது தேவலை.)

ருகாயாவின் பழைய குடியிருப்பை இடித்தாயிற்று. அதே மனையில் அடுக்குமாடி எழுப்பி, ஆறாவது மாடியில் அவளுக்கு வீடு தருவதாக ஒப்பந்தம். அதுவரை தகரக் கொட்டகை. ஜன்னலுக்குப் பச்சைப்பூத் திரைச்சீலைகூட வாங்கிவிட்டாள்; ஜன்னல்தான் இன்னும் வானத்தில் இருக்கிறது. கட்டடத்துக்கு வங்கி இன்னும் கடன் தரவில்லை. கடன் வராமல் அடிக்கல் விழா இல்லை.

விழாவை மழை கெடுக்காமலிருக்க மழை கட்டுபவரை அமர்த்துவது இங்கே பந்தல்காரரை அமர்த்துவது மாதிரி. கர்சித்தோ வந்தார், மிளகாயும் சின்ன வெங்காயமும் குச்சியில் குத்தி நட்டார், மழையைக் கட்டினார். கட்டியவர் அவிழ்க்கும்வரை குளிக்கக் கூடாது.* விழா முடிந்தால்தான் அவிழ்ப்பார். அதுவரை ருகாயாவின் கொட்டகையில், தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் வாசம். விழா தள்ளிப்போயிற்று. மறுபடியும். பிறகு, மறுபடியும்.

* ஒரு சொட்டுத் தண்ணீர் அவர்மேல் பட்டாலும் வானம் பொத்துக்கொள்ளும் என்பது ஐதீகம். நான் நம்பவில்லை. ஆனால் மழைக்காலம் பாதி போயிற்று, என் குடை எங்கே என்று எனக்கே தெரியாது.

3

வில்லன் வேண்டும். திட்ட மேலாளர் யுதிஸ்தீரா. பெயர் தருமனுடையது; வாயைத் திறந்தால் "அடுத்த வாரம்".

"அடுத்த வாரம்னா எந்த வாரம், பாக்?" என்றாள் ருகாயா.

"இந்த வாரம் முடிஞ்சதும் வருமே, அது."

"அது போன வாரமே வந்துடுச்சே!"

[அவனைக் கொன்றுவிடலாமா? எழுதிப் பார்த்தேன். செத்தும் கடன் வரவில்லை. அடித்துவிட்டேன்.]

ஆனால் ஒருநாள் மெய்யாகவே வங்கிக்காரர்கள் மனையைப் பார்க்க வந்தார்கள். பிடித்திருந்தால் கையெழுத்து. கார் கதவு திறந்தது. காற்று கொட்டகைப் பக்கமிருந்து வீசியது. கார் கதவு மூடியது.

"மண்ணுக்கடியில சாக்கடை கசியுதாம். அதான் யோசிக்கிறாங்க" என்றான் யுதிஸ்தீரா.

"அது சாக்கடை இல்ல பாக். நீங்க கூட்டிட்டு வந்த ஆளு!"

கடன் இல்லாததால் விழா இல்லை. விழா இல்லாததால் குளியல் இல்லை. குளியல் இல்லாததால் கடன் இல்லை. இத்தனை வருஷத் தொடர்கதையில் இப்படி ஒரு முடிச்சை நானாகப் போட்டதில்லை.

4

கடைசியாக ஒருமுறை வர வங்கி ஒப்புக்கொண்டது. இந்த முறையும் திரும்பிப் போனால் திட்டமே கைவிடப்படும். ருகாயாவுக்குத் தகரம்தான் நிரந்தரம்.

காலையில் அவள் வாளி நிறையத் தண்ணீரோடு கர்சித்தோ முன்னால் போய் நின்றாள்.

"வேணாம் இபு. ஊத்தினா மழை கொட்டும். மனை குளமாயிடும். குளத்துக்கு எவன் கடன் குடுப்பான்?"

"ஊத்தலேன்னா கார் கதவே திறக்காது, பாக்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? கனவுலகூட சோப்புதான் வருது."

முடிவு அ: ஊற்றுகிறாள். சுள்ளென்று வெயில். மழையாவது, கட்டாவது! இத்தனை நாள் வீணாகவா நாறினோம் என்று கர்சித்தோ தேம்பித் தேம்பி— எனக்கு மனசு வரவில்லை.

முடிவு ஆ: ஊற்றவில்லை. வங்கிக்காரருக்கு ஜலதோஷம். கையெழுத்துப் போட்டு— பத்திரிகை ஆசிரியர் இதை என் முகத்திலேயே வீசுவார்.

ருகாயா எனக்காகக் காத்திருக்கவில்லை. மடிப்புக் கலையாத அந்தப் பச்சைப்பூத் திரைச்சீலையைப் பிரித்தாள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே மறைப்பாகக் கட்டினாள்.

"உள்ள போய் உக்காருங்க, பாக்."

வாளியை என் பக்கம் நீட்டுகிறாள். "எழுதற ஆளு நீங்கதானே? நீங்களே ஊத்துங்க!"

தெருமுனையில் கார் திரும்புகிறது. வானத்தில் ஒரே ஒரு மேகம், திரைக்கு மேலே எட்டிப் பார்க்கிறது.

எனக்கு ஒரு கையில் பேனா. இன்னொரு கை மூக்கில். வாளியை நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சீக்கிரம். கார் கதவு திறக்கிறது.