நீலப் பட்டை

சித்திக்கு இரண்டாவது சிவப்புக் குறி விழுந்த அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மூன்று விழுந்தால் வேலை போய்விடும். எங்கள் அறையில் அது எல்லோருக்கும் தெரியும்.

ஸ்கேன் எடுக்கும் இடங்களிலிருந்து டாக்டர்கள் கையால் எழுதிய குறிப்புகள் எங்களுக்குக் கட்டுக் கட்டாக வரும். அவற்றைக் கம்ப்யூட்டரில் அடித்துச் சேமித்தால் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விடும். ஒன்பது பெண்கள், ஒன்பது பழைய மானிட்டர்கள், மேற்குப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். சித்தி அங்கே பதினோரு வருடமாக இருக்கிறாள். என்னைச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

இரண்டு மாதம் முன்பு வரை எழுத்து கருப்பாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால், எல்லாம் புதிதாக மாறியிருந்தது. வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் நிற எழுத்து. அழகாகத்தான் இருந்தது, துவைத்து மடித்து வைத்த துணி மாதிரி. படிக்கத்தான் முடியவில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் வந்து மானிட்டரில் உட்கார்ந்துகொண்டால், நாம் எதையாவது அடித்தோமா என்பதே சந்தேகமாகிவிடும்.

"சாம்பல்ல எழுதிட்டு ஊதிவிட்ட மாதிரி இருக்குடி," என்றாள் வாயாடி அக்கா. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது அவளே.

வழியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். மௌஸை எழுத்தின் மேல் அழுத்தி இழுத்தால் வரிகளின் மேல் கருநீலப் பட்டை விழும். உள்ளே எழுத்து வெள்ளையாக மாறி, பளிச்சென்று தெரியும். தாளோடு ஒப்பிட்டுப் படித்துவிட்டு எண்டரைத் தட்டினால் சேமித்துவிடும். ஒரே வாரத்தில் ஒன்பது பேரும் இதைப் பழகிக்கொண்டோம். ஆனால் திருட்டுத்தனமாக. எங்கள் அறையில் மௌஸைத் தொடக் கூடாது. கை கீபோர்டை விட்டுப் போனால் நேரமும் போகும் என்பது மேடத்தின் சட்டம். மேடம் எங்கள் சூப்பர்வைசர். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் ஒன்பது கைகள் மௌஸிலிருந்து துள்ளி கீபோர்டுக்கு வந்துவிடும். வாயாடி அக்கா சில தடவை சத்தமாகக் கொட்டாவிகூட விட்டுக்காட்டுவாள், ரொம்ப நேரமாக அடித்துக் களைத்துப்போன மாதிரி.

அந்த இரண்டு மாதத்தில்தான் சித்திக்குக் குறிகள் விழுந்தன. இரண்டும் ஒரே மாதிரியான தப்பு. நோயாளியின் பெயர், வயது எல்லாம் சரியாக இருக்கும். டாக்டரின் குறிப்பு இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் ஒரே ஒரு புள்ளி இருக்கும்.

"நான் அடிச்சேன்டி," என்றாள் சித்தி. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். "எடது பக்கம் சிறுநீரகத்துல சின்னக் கல்லுன்னு அடிச்சேன். திரும்பப் படிச்சும் பாத்தேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

"அப்ப எங்க போச்சு சித்தி?"

"அதத்தான நானும் கேக்குறேன்."

கண் கோளாறாக இருக்கும் என்று கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். சித்தி கடைசி வரி வரைக்கும் படித்தாள். "உங்க கண்ணு உங்க பொண்ணு கண்ணை விட நல்லா இருக்கு," என்று என்னைக் காட்டிச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். சித்தி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணு நல்லா இருக்குன்னா கோளாறு வேற எங்க இருக்குன்னு அர்த்தம்?" என்று விரலால் நெற்றியைத் தட்டிக்காட்டினாள்.

"சும்மா இரு சித்தி. நாப்பத்தெட்டு வயசுல யாருக்காவது மறதி வருமா?"

"அது என்ன சொல்லிட்டா வரும்?"

அதன்பிறகு அவள் இன்னும் மெதுவாக அடித்தாள். ஒவ்வொரு குறிப்பையும் மூன்று முறை பட்டை இழுத்துப் படித்தாள். சாயங்காலம் அவளுக்குப் பத்துத் தாள் மீதி இருக்கும். மேடம் பார்ப்பதற்குள் அதில் பாதியை நான் எடுத்து என் கட்டுக்குள் செருகிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து இருவரும் பேசாமல் சாப்பிட்டுப் படுத்துவிடுவோம். பேசுவதற்குத் தெம்பில்லை.

புதன்கிழமை மூன்றாவது புள்ளி வந்தது.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. சித்தியின் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் எவ்வளவோ பாத்தேன். நாளன்னிக்கு மேனேஜர் வர்றார். உங்களை நிறுத்துற தாள்ல கையெழுத்துப் போட்டுடுவார். நாளைக்கு நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"வர்றேன் மேடம்," என்றாள் சித்தி. "கட்டு மீதி இருக்கு."

வியாழக்கிழமை மதியம் டிசைனர் வந்தார். புது ஸ்கிரீனை வடிவமைத்தவர் அவர்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தார். தோள்பையை மூலையில் வைத்து லேப்டாப்பைத் திறந்துகொண்டு, "எப்படி இருக்கு புது ஸ்கிரீன்? மனசுல உள்ளதைச் சொல்லுங்க," என்றார்.

மேடம் பக்கத்தில் நிற்கும்போது யார் மனதில் உள்ளதைச் சொல்வார்கள்?

"நல்லா இருக்கு சார்."

"நல்லா இருக்கு."

"கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு சார்," என்றாள் வாயாடி அக்கா. "சில நேரம் ஒண்ணுமே இல்லாத மாதிரி அவ்வளவு குளிர்ச்சி."

நாலைந்து பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். டிசைனரும் சிரித்தார், பாராட்டு என்று நினைத்து. சித்தி தலையைத் தூக்கவில்லை.

நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். தண்ணீர்க் குடம் அவர் உட்கார்ந்திருந்த மூலையில் இருந்தது. அப்போதுதான் அவருடைய லேப்டாப்பைப் பார்த்தேன். எங்கள் ஸ்கிரீன்தான், அதே கட்டங்கள். ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னம்மா?"

எனக்குத் தெரியாதவர்களிடம் பேச வராது. "உங்களுக்கு மட்டும் வேற கலரா சார்?" என்று கேட்டேன்.

"இல்லையே, அதே கலர்தான்."

"எங்களுக்கு இப்படித் தெரியாது சார்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். மணி மூன்று. "உங்க எடத்துல ஒரு நிமிஷம் உக்காரலாமா?" என்றார்.

என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். யாருக்கோ ஈரல் வீங்கியிருக்கிறது என்று நாலு வரி. வேகமாக அடித்தார். அடித்து முடித்ததும் கழுத்தை நீட்டி மானிட்டருக்குப் பக்கத்தில் போனார். கண்ணைச் சுருக்கினார். பின்னால் சாய்ந்தார். மறுபடி முன்னால் வந்தார். அதன்பிறகு அவருடைய வலது கை தானாக, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே மௌஸுக்குப் போனது. அழுத்தி இழுத்தார். நீலப் பட்டை விழுந்தது.

அறையில் கீபோர்டுச் சத்தம் நின்றுபோனது.

அவர் பட்டைக்குள் படித்தார், தலையாட்டினார். கையை மௌஸிலிருந்து அவசரமாக எடுத்து, எண்கள் இருக்கும் ஓரத்தில் உள்ள எண்டரைத் தட்டினார். நாங்களும் அதைத்தான் தட்டுவோம், மௌஸுக்குப் பக்கத்தில் இருப்பதால்.

"ஆச்சு. கொஞ்சம் கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா படிச்சிட்டேனே?"

நான் எதற்கு அதைத் திறந்து பார்த்தேன் என்று தெரியவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது. இப்போது சேமித்ததைத் திறந்தேன். பெயர் இருந்தது, வயது இருந்தது. குறிப்பு இருக்க வேண்டிய கட்டத்தில், மூக்கு மானிட்டரில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தால், ஒரு புள்ளி.

"இது எப்படி?" என்றார்.

அவரே கீபோர்டைக் குனிந்து பார்த்தார். எண்டருக்குப் பக்கத்திலேயே புள்ளிக்கான பொத்தான் இருக்கிறது. திரும்பி வரும் விரல் அதில் லேசாகப் பட்டிருக்கிறது. பட்டை விழுந்திருக்கும்போது எண்டரைத் தவிர எந்தப் பொத்தான் பட்டாலும் உள்ளே இருந்த மொத்தமும் அழிந்து, அந்த ஒன்று மட்டும் மிஞ்சும். அழிந்ததையும் அந்தச் சாம்பல் நிறத்தில் யாராலும் கவனிக்க முடியாது. அடுத்த நொடி எண்டர். ஒரு மனுஷனுடைய ஈரல் ஒரு புள்ளியாகிவிட்டது.

சித்தி நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"எல்லாரும் இப்படித்தான் படிக்கிறீங்களா?" என்று டிசைனர் கேட்டார். மேடமும் கேட்டுக்கொண்டிருந்தார். வாயாடி அக்கா மேஜைக்கு அடியில் என் பாதத்தை மிதித்தாள். வலிக்கிற மாதிரியே மிதித்தாள். ஒன்பது பேருக்கும் சேர்த்துத்தான் அந்த மிதி.

"ஆமா சார்," என்றேன். "மௌஸைத் தொடக் கூடாது. ஆனா தொடுவோம். ஒன்பது பேரும்."

"அடிப்பாவி," என்றாள் வாயாடி அக்கா, மெல்லிய குரலில்.

டிசைனர் லேப்டாப்பில் எதையோ தேடினார். இரண்டு மாதத்தில் சேமித்தவற்றில், குறிப்புக் கட்டத்தில் வெறும் புள்ளி மட்டும் உள்ளவை எத்தனை என்று. நாற்பத்து மூன்று. யார் யார் அடித்தது என்றும் வந்தது. வாயாடி அக்கா ஒன்பது. நான் ஆறு. எல்லோருக்கும் ஏதோ ஒரு எண். சித்திக்கு மூன்றுதான், அறையிலேயே குறைவு. சித்தியின் கட்டு போகும் ஆஸ்பத்திரி ஒன்றுதான் வந்த குறிப்பை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. மற்றவை போன இடத்தில் என்ன ஆயிற்று என்பதை யாரும் அங்கே வாய்விட்டுக் கேட்கவில்லை. மேடம் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் மேனேஜர் வந்தார். சித்தியின் தாளையும் டிசைனர் எடுத்த கணக்கையும் படித்தார். பிறகு மேடத்திடம், "இதுல கையெழுத்துப் போட்டா மிச்ச எட்டுக்கும் போடணும். அப்புறம் நீங்க ஒருத்தர்தான் உக்காந்து அடிக்கணும்," என்று சொல்லி அதை இரண்டாகக் கிழித்தார். சித்தியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

எழுத்தைக் கருப்பாக்குவது ஐந்து நிமிட வேலை என்றார் டிசைனர். ஆனால் அந்தச் சாம்பல் நிறத்துக்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களாம். மாற்றவும் ஒப்புதல் வேண்டும். ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை ஜன்னலில் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒட்டிவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து நாற்பத்து மூன்று குறிப்புகளையும் தாளைத் தேடியெடுத்துத் திரும்ப அடித்தோம். தாள் கிடைக்காதவை ஏழு. அவற்றை மேடம் தனியாக எழுதி வைத்துக்கொண்டார். என்னிடம் யாரும் பேசவில்லை. "இந்த ஞாயித்துக்கிழமையும் போச்சு, நல்லா இருடி," என்று வாயாடி அக்கா மட்டும் சொன்னாள். அதில் பாதி திட்டு, பாதி என்ன என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நானும் சித்தியும் பஸ்ஸுக்கு நின்றோம். கால் கடுத்தது. சித்தி ரோட்டைப் பார்த்தபடியே, "அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல சித்தி. அந்தக் கலர்தான்."

"நிச்சயமா சொல்றியா?"

"அந்த ஆளே அடிச்சுக் காட்டினாரே. நீ பாத்தியே."

அவள் பையைத் திறந்து சில்லறைப் பர்ஸை எடுத்தாள். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. பிரித்து என்னிடம் கொடுத்தாள். அவளுடைய பெயர், வீட்டு எண், தெரு, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், கடைசியில் என் போன் நம்பர். கருப்பு ஸ்கெட்ச் பேனாவில், தடித்தடியாக எழுதியிருந்தாள்.

"எங்கயாவது நின்னு முழிச்சிட்டிருந்தா, யாராவது எடுத்துப் படிக்கட்டும்னு," என்றாள்.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைக் கிழிக்கப் போனாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது, நிறையக் கூட்டம். தாளைக் கைக்குள் கசக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏறுடி, ஏறு," என்று என்னை முன்னால் தள்ளினாள்.