நிதானமாகப் போன குண்டு

பூட்டு ரிப்பேர்காரர் சுட்ட ஈயக் குண்டு துப்பாக்கியின் வாயை விட்டு வெளியே வந்து, நெஞ்சு உயரத்தில், பின்னால் நத்தை வந்தால் ஒதுங்கி வழிவிடும் வேகத்தில் இலக்குப் பலகையை நோக்கிப் புறப்பட்டது. துப்பாக்கி, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய ரகம். மருந்து அதைவிடப் பழசு. அவருடைய தாத்தா பித்தளை டப்பாவில் ஈரம் படாமல் அடைத்து வைத்தது. கருமருந்துக்கு வயசே ஆகாது என்பது அவர் கட்சி. அவர் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அப்பா, ஒரு பிளம்பர், துப்பாக்கி கிளப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "அது மருந்து இல்லைங்க, அடுப்புக்கரி. குண்டு பலகையில பட்டாத்தான் கல்யாணம்." சொன்னதை விழுங்குகிற ரகமில்லை அவர். பூட்டுக்காரரும் மருந்தை அளந்து கொட்டி, துணி சுற்றிய குண்டைக் கோலால் இடித்து இறக்கிச் சுட்டார். புகைக்கு மட்டும் குறைவில்லை. அது கலைகிறவரை பால்காரர் வழி தெரியாமல் அடுத்த ஊருக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

குண்டு விழவில்லை, நிற்கவுமில்லை. எனவே பூட்டுக்காரர் தோற்றதாகவும் சொல்ல முடியாது. குண்டில் கை வைத்தால் ஆட்டம் செல்லாது. பெண்ணும் மாப்பிள்ளையும் சாயங்காலங்களில் அதன் கூடவே நடந்தார்கள். நடந்தார்கள் என்பது ஒரு மரியாதைக்கு, நின்றார்கள். வருஷங்கள் ஓடின. குண்டின் மேல் கூடு கட்டிய குருவி பேரன் பேத்தி எடுத்தது. மாப்பிள்ளைக்கு முன்மண்டை காலியானது.

"என்ன பூட்டுக்காரரே, குண்டு சௌக்கியமா?" என்பார் பிளம்பர்.

"வந்துட்டே இருக்கு. நீங்க மாட்டுன குழாய்ல தண்ணி வர்றதுக்குள்ள வந்துரும்."

ஒரு காலை, முதல் நரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெண் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளப் மைதானத்துக்கு வந்தாள்.

"குண்டத்தானே தொடக் கூடாதுன்னாங்க? நீ பலகையத் தூக்கு."

"அப்பா கத்துவாரே?"

"கத்தட்டும். தூக்கு."

இருவரும் பலகையைப் பெயர்த்து வந்து குண்டுக்கு முன்னால் பிடித்தார்கள். பெண் லேசாக இடப்பக்கம் நகர்த்தியதில் நட்டநடுவில் பட்டது. துளைத்து முடிக்க மதியமாகிவிட்டது. பிளம்பர் ஓடி வந்து சட்டம் பேச வாயெடுத்தார். மகனின் மண்டையைப் பார்த்தார். துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"நல்ல மருந்துதான், சம்பந்தி" என்றார்.

கல்யாணம் அந்த வாரமே நடந்தது. குண்டு அதற்கெல்லாம் நிற்கவில்லை. மைதானத்துச் சுவரைத் துளைத்து, தெருவைக் கடந்து, இப்போது சலூனுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. முடிவெட்டுகிறவர், "தலையக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாச்சுக்கங்க" என்கிறார். சாய்த்துக்கொள்கிறார்கள்.