அஜின்கோர்ட்டில் மெல்பிறிட்ஜ் வெள்ளம்

புலம்பெயர்ந்து வந்து பிறம்ரன் நகரில் ஒரு வெயார்ஹவுசில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டிக்கொண்டிருந்த சண்முகலிங்கத்துக்கு, கோவிட் வருவதற்கு முந்தைய மாரிக் குளிரில், தான் ஒருநாளும் போயிராத மெல்பிறிட்ஜ் என்ற ஆங்கிலேயச் சந்தை ஊரின் வரலாறு நினைவுக்கு வரத் தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி, இன்று சந்தை நாள், வியாழன்தோறும் சந்தை கூட்ட அரசர் பட்டயம் கொடுத்திருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அன்று பின்னேரம் அஜின்கோர்ட்டில் இருந்த வீட்டுக்குத் திரும்பியபோது அவருடைய சப்பாத்தில் ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருந்தது. வெளியே எங்கும் முழங்கால் உயரத்துக்குப் பனி. மனைவி அருள்மலர் சப்பாத்தைக் கழுவிப் பின்கதவடியில் வைத்தாள்.

வரலாறு ஒழுங்காக, ஒரு வருடத்துக்குப் பின் மற்ற வருடமாக வந்தது. கொள்ளைநோய் வந்தது, கம்பளி விலை விழுந்தது, தேவாலயக் கோபுரத்தில் இடி விழுந்தது. சந்தைத் தெரு எரிந்த கதையை அவர் சொன்ன நாளில் அடுப்படிக் கூரை கரி பிடித்துக் கறுத்தது, புகை அலாரம் பொழுதுபடும்வரை கத்தியது. மூளையைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டர்மார் பிழையொன்றும் இல்லை என்றார்கள். மகன் வினோதன் இணையத்தில் தேடிப் பார்த்தான். “அம்மா, எல்லாம் கரெக்ட். ஆனா அங்க சின்னதா ஒரு பராதான் போட்டிருக்கு. அப்பாக்கு ஃபுல் ஸ்ரோறியும் தெரியுது.” கொஞ்சக் காலம் அயலவர்கள் வந்து கேட்டார்கள். லொத்தர் இலக்கம் சொல்லமாட்டார் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

அங்கிருந்து பத்து வருடம் வந்தால் அவருடைய சொந்த வருடம் ஒன்று போனது. முதலில் பிறம்ரனுக்குப் போகும் வழி போனது, அதோடு வேலையும். பிறகு கலியாண நாள். அருள்மலர் அதையும் பொறுத்தாள். வினோதனுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தாள், மதுரா. மட்டக்களப்பு நாவலடியில் சுனாமி வந்த காலையில் போனபோது அவளுக்கு ஆறு வயது. வீடும் அல்பங்களும் கூடவே போனதால் அவளுடைய படம் ஒன்றுகூட உலகத்தில் இல்லை. ஆகவே வருடாவருடம் அந்த நாளில் தாயும் தகப்பனும் மேசையில் இருந்து அவளுடைய முகத்தைச் சொல்லால் சேர்த்தெடுப்பார்கள். தழும்பு இடது புருவத்தில் என்பாள் அருள்மலர். வலது என்பார் அவர். விழுந்த பல் மேலேயா கீழேயா என்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையில்தான் பிள்ளையின் முகம் அழியாமல் கிடந்தது. பிறகு ஒரு மார்கழியில் அவள் இடது புருவம் என்றபோது அவர் மறுக்கவில்லை. “ஆருடைய புள்ள?” என்று மரியாதையாகக் கேட்டார். மறுத்துப் பேச ஆளில்லாமல் போனதும், எந்தப் புருவம் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த மாசியில் அவர் 1795க்கு வந்து சேர்ந்தார். பனி உருகி, மெல் என்ற ஆறு பாலத்துக்கு மேலால் பாய்ந்து, சந்தைத் திடலை மூடி, ஆலைக்காரனின் மகளைக் கொண்டுபோனது என்றார். அருள்மலர் அடுப்பை அணைத்தாள்.

“என்ன வயசு?”

“ஆறு.”

“முன்பல் விழுந்திருந்ததா?”

“ஓம், விழுந்திருந்தது.”

அவள் அவருடைய காலடியில் இருந்துவிட்டாள். போன பிள்ளையை மனுசன் வேறொரு வழியால் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்தாள். “தழும்பு எந்தப் புருவத்தில? நல்லா நினைச்சுப் பாருங்க.”

அவர் யோசித்துச் சொன்னார். “புருவத்தில ஒண்டுமில்ல. கன்னமெல்லாம் அம்மை வடு. பேர் ஹன்னா. தண்ணி வடிஞ்சாப்பிறகு வயலுக்க எடுத்தவங்க.”

“மதுரா எண்டு சொல்லுங்க. பொய்யெண்டாலும் பரவால்ல, ஒருக்காச் சொல்லுங்க.”

“அப்பிடி ஒரு புள்ள அந்த ஊரில இருக்கேல்ல, அம்மா.”

அவரிடம் பொய் இருக்கவில்லை. அந்த நேரம் கீழ்த்தளத்தில் இருந்து வினோதன் கூப்பிட்டான். பழுப்புத் தண்ணீர் வைக்கோலோடும் ஒரு செத்த கோழியோடும் படியேறி வந்துகொண்டிருந்தது. பைப் திருத்த வந்தவர் எல்லாப் பைப்பும் காய்ந்துபோய்க் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். அருள்மலர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். கடலின் உப்பில்லை. இன்னொரு கை அள்ளிப் பார்த்தாள். அதிலும் இல்லை. பிறகு, அரிசி மூட்டைகளை மேலே தூக்கச் சொன்னாள்.

இப்போது மாசி பிறந்தால் அவர்கள் கீழ்த்தளத்தைக் காலிசெய்து வைக்கிறார்கள். மெல்பிறிட்ஜுக்கு ரயில் வந்துவிட்டது, மாட்டுச் சந்தை நன்றாக நடக்கிறது. சண்முகலிங்கத்துக்கு மனைவியைத் தெரியாது. வியாழக்கிழமைகளில் அவள் அவரைத் தமிழ்க் கடைகள் உள்ள பிளாசாவின் கார்த் தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போகிறாள். மாடுகள் கத்துவது கடைக்காரர்களுக்குப் பழகிவிட்டது.

“நீங்க எந்த ஊர்?” என்று அவர் கேட்பார். முன்பெல்லாம் மட்டக்களப்பு என்று சொல்லிவிட்டு வீடுவரை அழுதுகொண்டு வருவாள். போன மாசியில், “நானும் மெல்பிறிட்ஜ்தான்” என்றாள்.

“ஆத்தோரமா?”

“ஓம்.”

“அப்ப வெள்ளத்தில உங்களுக்கும் ஆரும் போனவங்களா?”

“ஒரு புள்ள,” என்றாள் அருள்மலர்.

அவர் கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குளிரில் தலைகுனிந்து நின்றார். அவள் அவரைக் கொஞ்சநேரம் அப்படியே நிற்கவிட்டாள். பிறகு தொப்பியை வாங்கிக் காதை மூடப் போட்டுவிட்டு, மாடுகளுக்கு வழிவிட்டு, அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.