வாய்மொழித் தேர்வுக்கு வைத்த மாவு

மாத்திரை வயிற்றுக்குள் போனதும் உடைந்து உதிர வேண்டும். உடையாவிட்டால் உள்ளேயிருக்கும் மருந்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போய்விடும். அதை உடைக்கிற வேலை மாவுச்சத்தினுடையது. தண்ணீர் பட்டதும் ஊதிப் பெருத்து மாத்திரையைப் பிளந்துவிடும். கப்பலில் வரும் மாவு எதற்கு, எங்கள் டெல்டா மரவள்ளியே போதும் என்று நிரூபிக்கத்தான் ஒனாஜிட்டே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். பாதி வருடங்களை வேலைநிறுத்தம் தின்றது, மீதியை மின்வெட்டு. மிஞ்சியது மாடி ஆய்வகத்தில் ஒரு தட்டு மாவு.

அதை வைத்து அன்றைக்கு வாய்மொழித் தேர்வு. வெளித்தேர்வாளர் ஜெபா, தம் கண்ணெதிரே மாத்திரை அழுத்தி அது தண்ணீரில் உடைவதைப் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவார். முன்பு எங்கேயோ ஒருவன் கடை மாத்திரையைக் காட்டி அவரை ஏமாற்றிவிட்டானாம். உள்தேர்வாளன் நான். எனக்கு இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற தெம்பு போய் வெகுகாலமாகிறது.

தேர்வாளருக்கு மாணவிதான் விருந்து வைக்க வேண்டும். ஆய்வேட்டில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம், குழம்பில் இருந்தால் முடியாது. ஜெபா எங்கள் உரோபோ இனத்து ஆள். வடக்கே வேலை பார்த்து, சோளக்களி தின்று நாக்குச் செத்தவர். அதனால் செம்பனைப் பழச் சாற்றில் வைக்கும் பாங்கா குழம்பும் உசியும். உசி என்பது மரவள்ளி மாவைச் செம்பனை எண்ணெய் விட்டுக் கிண்டுவது. சமையலுக்கு அமர்த்தியது ப்ளெசிங்கம்மாவை.

துறைத்தலைவர் எடாஃபே வரவேற்றார். மேன்மைமிகு பெரியோர்களின் பட்டியலை ஒப்பித்ததில், அன்றைக்கு வராதவர்களையும் விடவில்லை. பிறகு கையை உயர்த்தி, "உணவு மாவு வேறு, மருந்து மாவு வேறு. சமையலறைக்கு இங்கே இடமில்லை" என்றார். நாங்கள் கை தட்டினோம், பசியில்.

ஜெனரேட்டருக்கு டீசல் வரவில்லை என்பதால் சாப்பாடு முதலில், சோதனை பிறகு என்றாயிற்று. ஜெபா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

டீசல் வந்தது. மாடிக்குப் போன ஒனாஜிட்டே வெறும் தட்டோடு இறங்கினாள்.

"ப்ளெசிங்கம்மா, இதுல இருந்த மாவு எங்க?"

"கிண்டிட்டேன் மகளே. எங்கிட்ட இருந்தது பத்தல. ஐயாவக் கேட்டேன், மாடியில இருக்கும், பாத்து எடுத்துக்கன்னாரு. அப்படி ஒரு வெள்ளை மாவ நான் கண்டதில்ல. கட்டியே விழல."

"மிச்சம் இருக்கா?"

"பானையச் சுரண்டியாச்சு."

எல்லோரும் எடாஃபேயைப் பார்த்தோம். காலையில் பெரியோர் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"நான் சொன்னது பொதுவா ஒரு மாடி" என்றார். பிறகு ஜெபா பக்கம் திரும்பி, "சார், மாதிரி இப்ப வேறொரு கட்ட ஆய்வுல இருக்கு."

"உங்க வயித்துல இருக்கு சார்" என்றாள் ஒனாஜிட்டே. கோபமில்லை. கோபப்படவும் உட்கார இடம் வேண்டுமே, நாற்காலிகளை நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஜெபா தம் வயிற்றைத் தடவினார். "எவ்வளவு நேரமாச்சு, கல்லாட்டம் உக்காந்திருக்கு. இது மாத்திரைய உடைக்கும்னு எப்படிம்மா நம்பறது?"

"கிண்டினா வேற சார். பச்சையா அழுத்தினா வேற."

"தெரியும்மா. நானும் அதத்தான் பாடம் எடுக்கறேன்." ஏப்பத்தைப் பாதியில் அடக்கினார். "பாத்ததுக்குத்தான் கையெழுத்துப் போடலாம். தின்னதுக்குப் போட முடியாதே."

"ஏழு வருஷம் சார்."

"அடுத்த பருவம் வர்றேன். புது மாவு எடுத்து வை." பேனாவைச் சட்டைப் பையில் சொருகினார். பிறகு எடாஃபேக்குக் கேட்காதபடி, "உசி மட்டும் இதே அம்மா கிண்டட்டும்" என்றார்.

ஒனாஜிட்டே தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு அரிசிச் சோறுதான் சார்" என்றாள்.